அல்லூரும் ஈசானமங்கலமும்: ஜப்பானிய மாணவரின் தமிழகக் கல்விப்பயணம் குறித்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானிய மாணவர்கள் அயல்நாடு சென்று பயிலும் திட்டங்களும் மாணவர் பரிமாற்றத் திட்டங்களும் இன்று பெரும்பாலும் எண்ணிக்கையைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. 1960-களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகப் பயின்ற நொபொரு கராஷிமா, திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு சோழர்கால ஊர்களைப் பற்றி 1966-இல் வெளியிட்ட கட்டுரையை இவ்வாய்வு மீள்வாசிப்புக்கு உட்படுத்துகிறது. அக்கட்டுரையின் வலிமையும் குறைபாடும் அதை எழுதியவர் மாணவராக இங்குப் பெற்ற கல்வியோடு எவ்வாறு தொடர்புடையன என்பதும், அத்தகைய கல்வியை வழங்கும் நிலையில் இன்றைய தமிழக நிறுவனங்கள் உள்ளனவா என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மாணவர் பரிமாற்றம், ஜப்பானியத் தமிழியல், கல்வெட்டியல், நிலவுடைமை, அல்லூர், ஈசானமங்கலம், கராஷிமா

முன்னுரை

சமயபுரம் என்றதும் மாரியம்மன் கோயிலே நினைவுக்கு வரும். அதே ஊரின் ஒரு பகுதியாகிய கண்ணனூர், 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சளர்களின் தென்னகத் தலைநகராக, விக்கிரமபுரம் என்னும் பெயருடன் விளங்கியது என்பது அம்மன் தரிசனத்துக்கு வருவோரில் மிகச் சிலரே அறிந்த செய்தி. அங்குள்ள சிவன் கோயிலை மக்கள் போஜீஸ்வரர் கோயில் என்பர். போஜராஜனுக்கும் இக்கோயிலுக்கும் தொடர்பில்லை. ஹொய்சளரைப் ‘போசளர்’ எனத் தமிழ்க் கல்வெட்டுகள் குறிக்கும். போசளீச்சரம் என்பதே நாளடைவில் போஜீஸ்வரம் எனத் திரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இப்பகுதிக் கல்வி நிறுவனம் ஒன்றுக்கு மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஜப்பானிய மாணவர் குழு ஒன்று பத்து நாள் பயணமாக வந்தது. சமயபுரத்தைச் சேர்ந்தவன் என்பதால் அவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் பணி இக்கட்டுரையாளனுக்கு அமைந்தது. கண்ணனூர்க் கோயிலின் சுவரெழுத்துகளைக் கண்ட மாணவி ஒருவர், “இதை உங்களால் படிக்க முடியுமா?” என வினவினார். தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றிருந்த இக்கட்டுரையாளனால் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்னும் தொடக்கத்தைத் தாண்டிச் செல்ல இயலவில்லை. பயின்ற பாடத்திட்டத்தில் கல்வெட்டியல் ஒரு விருப்பப்பாடமாக இருந்தது. அதில் தேர்வெழுதி நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் ஒரு வகுப்புகூடக் கோயிற்சுவரின் அருகே நடைபெறவில்லை. அம்மாணவி பணிவுடன் தலையசைத்துவிட்டு ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார். அன்று மாலை அனைவருக்கும் சான்றிதழ் வழங்கப்பட்டது.

பரிமாற்றம் எனப்படும் ஒன்றில் அன்று பரிமாறப்பட்டது எது என்னும் ஐயமே இக்கட்டுரையின் தோற்றுவாய். அதற்கு விடை தேட, இதே காவிரிக்கரையை ஆராய்ந்த முந்தைய ஜப்பானிய மாணவர் ஒருவரின் எழுத்தை நாடவேண்டியிருந்தது.

எண்ணிக்கையும் கால அளவும்

ஜப்பான் தன் மாணவர்களை அயல்நாடுகளுக்கு அனுப்புவதில் அண்மைக் காலமாகப் பெரும் முனைப்புக் காட்டுகிறது. 2033-க்குள் ஆண்டுதோறும் 5 லட்சம் ஜப்பானிய மாணவர்கள் வெளிநாடுகளில் பயிலவேண்டும் என 2023-இல் அந்நாட்டரசு இலக்கு வகுத்தது. பெருந்தொற்றுக்கு முந்தைய 2018 கல்வியாண்டில் தம் பல்கலைக்கழகங்கள் வழியாக அயல்நாடு சென்ற ஜப்பானிய மாணவர் ஏறத்தாழ 1,15,000 பேர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் தங்கிய காலம் ஒரு மாதத்துக்கும் குறைவு. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா ஆகிய ஆங்கிலம் வழங்கும் நாடுகளே இவர்களின் முதன்மைத் தெரிவுகள்.

எதிர்த்திசையில் நிலைமை வேறு. 2025 ஆகஸ்டில் இந்தியாவும் ஜப்பானும் அறிவித்த மனிதவளப் பரிமாற்றத் திட்டம், ஐந்தாண்டுகளில் இருபுறமுமாக 5 லட்சம் பேரின் போக்குவரத்தை நோக்கமாகக் கொண்டது. அதில் இந்தியாவிலிருந்து ஜப்பானுக்குச் செல்லவேண்டிய திறன்பெற்ற பணியாளரும் பணிக்குரியோரும் மட்டும் 50,000 பேர் எனத் தனியே வரையறுக்கப்பட்டுள்ளது. இந்தியா நோக்கி வருபவர் என்ன கற்க வருகிறார் என்பதற்கு இத்தகைய துல்லியம் இல்லை. இங்கிருந்து உழைப்பும் அங்கிருந்து வருகையும் என்றே ஏற்பாடு அமைகிறது. கற்பித்தல் என்னும் வினை இரண்டிலும் இடம்பெறவில்லை என்று கூறுவது மிகையாகலாம். ஆயினும் தமிழகத்தைப் பொறுத்தவரை அது மையமாக இல்லை என்பது உறுதி.

தோக்கியோ அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் இந்தியும் உருதும் வங்காளமும் முதன்மைப் பாடங்களாகப் பயிற்றுவிக்கப்படுகின்றன. தமிழுக்கு அந்நிலை இல்லை. ஆகவே தமிழை நாடும் ஜப்பானிய மாணவர் திட்டத்தின் பாதையில் வருபவரல்லர். பெரும்பாலும் தனக்கெனக் கேள்வி ஒன்றைச் சுமந்து தனியே வருபவர் அவர். கராஷிமா அவ்வாறு வந்தவர்.

கேள்வியோடு வந்த மாணவர்

1933-இல் தோக்கியோவில் பிறந்த கராஷிமா, தோக்கியோ பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றபின் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு மாணவராக வந்தார். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஜப்பானிய வரலாற்றியலில் மார்க்சியச் சிந்தனையின் செல்வாக்கு மிகுதி. ஆசியச் சமூகங்கள் மாற்றமின்றித் தேங்கிக்கிடந்தவை, அங்குத் தனியுடைமை தோன்றவில்லை, கிராமச் சமுதாயமே நிலத்தைப் பொதுவில் வைத்திருந்தது என்னும் கருத்து அங்கே கடுமையான விவாதத்துக்கு உள்ளாகியிருந்தது. ஆசியத் தேக்கம் என்னும் அக்கொள்கையைச் சான்றுகளின் துணைகொண்டு கடக்கவேண்டும் என்பது கராஷிமா தலைமுறையினரின் அறிவுத்தேவையாக இருந்தது.

இங்குக் கருதத்தக்கது ஒன்று. அக்கேள்வி தமிழகத்தில் பிறந்ததன்று. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு, ஊர்ச்சபைகளின் தன்னாட்சியையும் நிருவாகத் திறனையும் போற்றியது. நாட்டுரிமைப் போராட்டக் காலத்தின் தேவையிலிருந்து எழுந்த பார்வை அது. சபை உறுப்பினரின் நிலம் யாருடையது, அதில் உழுதவர் யார் என்னும் வினாக்களை அப்பார்வை முன்வைக்கவில்லை. புறத்திலிருந்து வந்த மாணவர் தம் நாட்டு விவாதத்திலிருந்து ஒரு வினாவைக் கொணர்ந்தார். அதற்கு விடைதரும் சான்று இந்நாட்டுச் சுவர்களில் இருந்தது. பரிமாற்றம் என்னும் சொல்லுக்கு உரிய பொருள் இவ்விடத்தில்தான் தோன்றுகிறது.

சான்றை அடையும் வழி எளிதாக இருக்கவில்லை. இந்திய அரசின் கல்வெட்டுத் துறை 1966-இல் மைசூருக்கு மாற்றப்படும்வரை உதகமண்டலத்தில் இயங்கியது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைக் காண விரும்பிய எவரும் மலையேறவேண்டும். அச்சான தொகுதிகளிலும் மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்கும் இல்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் பிற்காலத் தொகுதிகள் பெரும்பாலும் மூலபாடத்தை மட்டுமே தருபவை. எனவே இடைக்காலத் தமிழை, அதன் கிரந்தக் கலப்புடன், நிலஅளவைச் சொற்களுடன், வரிப்பெயர்களுடன் நேரடியாகப் படிக்கக் கற்காமல் ஓர் அயல்நாட்டு மாணவர் ஓரடிகூட முன்னேற இயலாது. பத்து நாளிலோ ஒரு பருவத்திலோ கைகூடும் பயிற்சியன்று இது. கைபிடித்துப் படிப்பிக்கும் கல்வெட்டறிஞர்கள் அக்காலத்தில் இங்கு இருந்தனர் என்பதே அக்கல்வியை இயலச்செய்தது.

இரண்டு ஊர்கள்

அல்லூரும் ஈசானமங்கலமும் திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரியின் தென்கரையில் ஒன்றற்கொன்று அணித்தாக அமைந்தவை. மண்வளமும் நீர்வளமும் ஒன்றே. வேறுபாடு சமூக அமைப்பில் இருந்தது. அல்லூர், ஊரார் வாழ்ந்த வேளாண் ஊர். அதன் மன்றம் ‘ஊர்’. ஈசானமங்கலம் பிராமணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேயம். அதன் மன்றம் ‘சபை’. இயற்கைச் சூழல் ஒத்திருக்கச் சமூக அமைப்பு மட்டும் வேறுபடும் இரண்டு ஊர்களைத் தேர்ந்துகொண்டதில் மாணவ ஆய்வாளரின் கூர்மை புலப்படுகிறது.

கட்டுரையின் வாதம் சுருக்கமானது. ஈசானமங்கலத்துக் கல்வெட்டுகளில் தனிப்பட்ட பிராமணர்கள் தம் நிலத்தை விற்கிறார்கள், கொடையளிக்கிறார்கள். எல்லைகள் கூறப்படும்போது அண்டை நிலங்களும் தனிமனிதர் பெயரால் சுட்டப்படுகின்றன. அல்லூர்க் கல்வெட்டுகளிலோ நிலத்தை விற்பதும் கொடுப்பதும் ஊராரின் கூட்டுச் செயலாகவே காணப்படுகின்றன. இதிலிருந்து, பிரமதேயத்தில் தனியுடைமையும் வேளாண் ஊரில் கூட்டுடைமையும் நிலவின என்றும், முன்னதில் நில உரிமையாளரும் உழுபவரும் வேறுவேறு ஆட்கள், பின்னதில் உரிமையாளரே உழுபவர் என்றும் கராஷிமா முடிவுசெய்தார். சோழர்காலக் கிராமம் என ஒரே அச்சில் வார்த்துப் பேசும் வழக்கத்தை இச்சிறு கட்டுரை தகர்த்தது. தனியுடைமை ஆசியாவில் இருந்ததா, இல்லையா என்னும் பெருவினாவைப் பக்கத்துப் பக்கத்து ஊர்களின் வினாவாகச் சுருக்கியதே அதன் சாதனை எனலாம்.

எனினும் இம்முடிவை அப்படியே ஏற்பதற்குத் தடைகள் உள்ளன. அல்லூரில் தனிமனிதர் விற்பனைக் கல்வெட்டு இல்லாமை, தனிமனிதர் உடைமை இல்லாமைக்குச் சான்றாகாது. கல்வெட்டு என்பது நிலப்பதிவேடு அன்று. கோயிலுக்கு ஏதேனும் வந்துசேரும்போதே சுவரில் எழுத்து ஏறுகிறது. ஊரார் தமக்குள் செய்துகொண்ட கைமாற்றங்கள் ஓலையில் எழுதப்பட்டிருக்கலாம், வாய்மொழியாகவும் முடிந்திருக்கலாம். ஓலை அழியும், கல் நிற்கும். நின்றதைக்கொண்டு மட்டும் அழிந்ததன் இன்மையைக் கூறுவது அளவைநெறிப்படி வலுவான வாதமன்று. அடுத்து, ஊர் ஒன்று தன் பெயரால் நிலத்தை விற்கும்போது அது பொதுநிலமா, அல்லது வரிப்பொறுப்பு ஊரின்மீது இருந்ததால் தனியார் நிலத்தை மாற்றவும் ஊரின் ஒப்பம் தேவைப்பட்டதா என்பதை அவ்வாசகங்களால் மட்டும் பிரித்தறிய இயலாது. தமிழ்ச் சூழலில் வளர்ந்த வாசகருக்கு இரண்டாவது வாய்ப்பு இயல்பாகவே தோன்றும். ஊர்க்கூட்டம் ஒப்பாமல் ஒரு வாய்க்காலின் மடையைக்கூடத் திறக்க முடியாத ஊர்களில், அம்மடையால் பாயும் வயல்கள் தனித்தனிக் குடும்பங்களுக்கு உரியவையாக இருப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

மூன்றாவது தடை இவற்றினும் முக்கியமானது. உரிமையாளரே உழுபவர் என்றால், அவருக்குக் கீழே உழைத்தவர் எங்கே? அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரண்டின் கல்வெட்டுகளும் இவ்விடத்தில் ஏறத்தாழ ஊமையாக உள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறிப்பித்த கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட இடங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தத்தோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, ஈழச்சேரி, தீண்டாச்சேரி எனக் குடியிருப்புகளை வேறு வேறாகக் குறிக்கின்றன. ‘ஊர்’ எனப்பட்ட கூட்டம் ஊரில் வாழ்ந்த அனைவரையும் கொண்டதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. கூட்டுடைமை என்னும் சொல்லில் கூட்டுக்கு வெளியே நின்றவர் மறைந்துபோகின்றனர். 1966 கட்டுரையின் கட்டமைப்பு, பிராமணர் ஊர், பிராமணரல்லாதார் ஊர் என்னும் இருமையைச் சார்ந்திருந்ததால் சேரியை நோக்கி அதன் பார்வை திரும்பவில்லை.

திருத்திக்கொண்ட ஆய்வாளர்

இக்குறையைச் சுட்டுவதற்குத் துணைநிற்பது கராஷிமாவின் பிற்கால எழுத்தே. தஞ்சைக் கல்வெட்டுகளின் சேரிப் பெயர்களை வரிசைப்படுத்திச் சோழர்காலக் கிராமச் சமுதாயம் என்னும் கற்பிதத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியவரும் அவரே. அதன்பின், திருவானைக்காவல் உள்ளிட்ட இடங்களின் பிற்காலச் சோழர் நிலவிற்பனைக் கல்வெட்டுகளைத் தொகுத்து, 12, 13ஆம் நூற்றாண்டுகளில் காவிரியின் கீழ்ப்படுகையில் பிரமதேயம் அல்லாத ஊர்களிலும் தனியார் நிலவுடைமை பரவிவிட்டதை நிறுவினார். கூட்டுடைமை ஊர் என்பது காலத்தால் மாறாத வகைமையன்று, ஒரு காலகட்டத்தின் நிலை மட்டுமே என்பது இதனால் பெறப்பட்டது. தேக்கக் கொள்கையைக் கடக்கும் வழி அவருக்கு 1966-இல் அன்று, அதற்குப் பின்னரே முழுமையாகத் திறந்தது.

அத்திருத்தத்துக்கு அடிப்படையாக அமைந்தது கூட்டுழைப்பு. எ. சுப்பராயலு, தோரு மட்சுய் ஆகியோருடன் இணைந்து கராஷிமா தொகுத்த சோழர் கல்வெட்டுப் பெயரடைவு மூன்று தொகுதிகளாக 1978-இல் மதுரையில் வெளிவந்தது. கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணிப்பொறியின் துணையுடன் வகைப்படுத்தி, பட்டங்களின் பரவலைக்கொண்டு அரசின் தன்மையை அறிய முயன்ற தொகுப்பு அது. சோழநாட்டு நாடுகளையும் ஊர்களையும் நிலப்படத்தில் பொருத்திக் காட்டிய சுப்பராயலுவின் 1973-ஆம் ஆண்டு நூல் இல்லையேல், பெயரடைவின் பெயர்களுக்கு இடம் கிடைத்திராது. இருவரின் உழைப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது. ஆயினும் தமிழில் எழுதப்படும் பல கட்டுரைகள் இத்தொகுப்பைக் ‘கராஷிமாவின் நூல்’ என்றே சுட்டுகின்றன. தமிழறிஞரின் பெயரை முதலில் மறப்பவர் தமிழராகவே இருப்பது வருந்தத்தக்கது.

இலால்குடிப் பதிவேடுகள்

ஜப்பானிய ஆய்வாளர் திருச்சிராப்பள்ளியை மீண்டும் நாடியதற்கு மற்றொரு சான்று ஹருகா யனகிசாவாவின் ஆய்வு. சமயபுரத்தை அடுத்த இலால்குடி வட்டத்தின் நஞ்சை ஊர்களின் நிலவரித்திட்டப் பதிவேடுகளைக்கொண்டு, 1860-கள் முதல் 1970-கள் வரை நில உரிமை சாதிகளுக்கிடையே எவ்வாறு மாறியது என்பதை அவர் ஆராய்ந்தார். அதன் நூல்வடிவம் 1996-இல் வெளிவந்தது. பிராமணரின் நில உரிமை படிப்படியாகச் சுருங்கியதையும், ஒடுக்கப்பட்டோர் உள்ளிட்ட உழைக்கும் சாதியாரில் ஒரு பகுதியினர் சிறுசிறு நிலங்களைப் பெற்றதையும் அந்நூல் காட்டுகிறது. அல்லூர்க் கட்டுரை காணாமல்விட்ட சேரி இங்குப் பதிவேட்டின் ஒரு பத்தியாகத் தோன்றுகிறது. இரண்டு ஆய்வையும் அடுத்தடுத்து வைத்துப் பயிலும் பாடம் ஏதும் இம்மாவட்டத்தின் தமிழ்த்துறைகளிலோ வரலாற்றுத்துறைகளிலோ இருப்பதாக இக்கட்டுரையாளன் கேள்விப்பட்டதில்லை. தம் தாத்தாவின் பெயர் இருக்கக்கூடிய பதிவேட்டை அயல்நாட்டார் ஒருவர் படித்து ஆங்கிலத்தில் எழுதிவிட்டார் என்பதை இவ்வூர் மாணவர் அறியாமலே பட்டம் பெற்றுச் செல்கின்றனர்.

புகழுரையும் திறனாய்வும்

ஜப்பானியத் தமிழறிஞர் குறித்துத் தமிழில் எழுதப்பட்டவற்றைத் தொகுத்து நோக்கினால் ஒரு சாய்வு தெளிவாகத் தெரிகிறது. மிகுதியாகப் பேசப்படுபவர் சுசுமு ஓனோ (1919–2008). ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு கூறிய அவரது கொள்கை நமக்கு உவப்பானது. மொழியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை என்னும் செய்தி நம் கட்டுரைகளில் ஒரு தொடராகக்கூட இடம்பெறுவது அரிது. பொற்கோ, ஈழத்து அறிஞர்களான அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் ஓனோவுடன் இணைந்து செய்த பணி உழைப்பு மிக்கது. அவ்வுழைப்பை மதிப்பதற்கும் கொள்கையை ஏற்பதற்கும் வேறுபாடு உண்டு.

மாறாக, சங்க அகப்பாடல்களுக்கும் இலக்கண நூல்கள் கூறும் அகமரபுக்கும் இடையிலான இசைவின்மையை நுணுகி ஆராய்ந்த தக்கனோபு தக்காஹாஷியின் 1995-ஆம் ஆண்டு நூல் நம் தொல்காப்பிய ஆய்வுகளில் உரிய எதிர்வினையைப் பெறவில்லை. அவர் திருக்குறளை ஜப்பானிய மொழியில் பெயர்த்தவர் என்பது மட்டும் மேடைதோறும் கூறப்படுகிறது. சென்னையில் தங்கித் தமிழகப் பௌத்தத்தை ஆராய்ந்து 1989-இல் நூல் வெளியிட்ட ஷு ஹிக்கோசாகாவுக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். நம்மைப் புகழ்பவரை நாம் மேற்கோள் காட்டுகிறோம். நம் நூல்களைக் கேள்வி கேட்பவரை மாலை மட்டும் அணிவித்து அனுப்பிவிடுகிறோம்.

கராஷிமாவுக்கு 2013-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. உடல்நலம் கருதி, அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் தோக்கியோவிலேயே அதை அளித்தார். இச்செய்தி அடிக்கடி எழுதப்படுகிறது. உலகத் தமிழ் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவராக 1989 முதல் 2010 வரை இருந்த அவர், 1995-இல் தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியவர். 2010-இல் கோயம்புத்தூர் மாநாட்டுக்கு, ஆய்வுக்கட்டுரைகள் உருவாகப் போதிய காலம் வேண்டும் எனக் கேட்டு, அது கிடைக்காத நிலையில் கழகத்தின் ஒப்புதலை அளிக்க மறுத்துவிட்டார் என்பது அத்துணை எழுதப்படுவதில்லை. ஆய்வுக்குக் காலம் தேவை என்னும் அம்மறுப்பு, கல்வெட்டின் ஒவ்வோர் எழுத்தையும் கூட்டிப் படித்துப் பழகிய மாணவப் பருவத்தின் தொடர்ச்சியாகவே இக்கட்டுரையாளனுக்குத் தோன்றுகிறது. அரசியல் சார்பு கொண்டோர் வேறு விளக்கம் தரக்கூடும்.

ஏற்கும் நிறுவனத்தின் கடமை

மாணவர் பரிமாற்றம் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் அனுப்பும் நாட்டின் நோக்கையே சார்ந்துள்ளன: மாணவரின் மொழித்திறன் வளர்ந்ததா, தன்னம்பிக்கை கூடியதா, வேலைவாய்ப்பு பெருகியதா என்பன போன்றவை. ஏற்கும் நிறுவனம் அதில் விருந்தோம்பும் இடமாக மட்டும் அமைகிறது. விடுதி, உணவு, பரதநாட்டிய நிகழ்ச்சி, திருவரங்கம் கோயில் உலா, கோலமிடும் பயிற்சி ஆகியன நிகழ்ச்சி நிரலாகின்றன. இவை இழிவானவை அல்ல. கோலமிடக் கற்ற மாணவி ஒருவர் அதன் புள்ளிக்கணக்கைப் பற்றிக் கேட்ட கேள்வி, உடனிருந்த கணிதத்துறை ஆசிரியரையே சிந்திக்கவைத்தது. ஆயினும் கேள்வி பிறந்த இடத்தில் அதைத் தொடர்ந்து செல்ல நேரமோ ஆளோ இல்லாதபோது, அது புகைப்படமாக முடிந்துவிடுகிறது.

ஏற்கும் நிறுவனம் எதைக் கற்பிக்க வல்லது என்பதை முதலில் அறுதியிட வேண்டும். ஆங்கிலவழி மேலாண்மையையோ கணிப்பொறியியலையோ கற்க ஒரு ஜப்பானிய மாணவர் காவிரிக்கரைக்கு வரவேண்டிய கட்டாயம் இல்லை. இங்கு மட்டுமே கற்கத்தக்கவை உள்ளன: கல்வெட்டு வாசிப்பு, ஓலைச்சுவடிப் பயிற்சி, பாசனமுறையின் நாட்டார் வழக்குச் சொற்கள், கோயில் ஆவணங்கள், நிலவரிப் பதிவேடுகள். இவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் பலர் ஓய்வுபெற்றுவிட்டனர். காலியிடங்கள் பல துறைகளில் நிரப்பப்படவில்லை. படியெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பகுதி இன்னும் அச்சேறாத நிலையில், மைசூரிலிருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2021-இல் ஆணையிட்டது. படிகள் சென்னைக்கு வருவது நன்று. அவற்றைப் படிப்போர் எங்கிருந்து வருவர் என்பதை நீதிமன்றம் கூற இயலாது.

இவ்வகையில் ஒரு நடைமுறைக் கருத்தை முன்வைக்கலாம். திருச்சிராப்பள்ளியில் ஒரு கல்வியாண்டுக்குக் குறையாத பரிமாற்றப் பாடம் ஒன்று அமையுமானால், ஜப்பானிய மாணவர் ஐவரும் உள்ளூர் மாணவர் ஐவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அல்லூரையே எடுத்துக்கொண்டால் முதற்பருவத்தில் அதன் கல்வெட்டுகளையும், அடுத்த பருவத்தில் அதன் நிலவரிப் பதிவேட்டையும் படித்து, 1966 கட்டுரையின் முடிவுகளைச் சோதிக்கலாம். உள்ளூர் மாணவருக்குக் கிரந்த எழுத்து அயல்மாணவருக்கு இருப்பதைப் போலவே புதியதாகையால், அவ்வகுப்பில் எவரும் வழிகாட்டியாகவோ விருந்தினராகவோ இருக்க வேண்டியதில்லை. எழுதப்படும் ஆய்வு தமிழிலும் ஜப்பானிய மொழியிலும் இருவர் பெயரிலும் வெளிவரவேண்டும். தமிழ் வடிவம் இல்லாத கள ஆய்வுக்கு ஊரார் ஏன் இசையவேண்டும் என்னும் கேள்விக்கு இதுவரை எந்தத் திட்டமும் விடை கூறவில்லை.

எதிர்ப்புகள் எழும். ஓராண்டுக்கு உதவித்தொகை கிடைக்காது, மதிப்பீட்டுப் புள்ளிகள் இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் ஒத்துவராது, பதின்மர் கொண்ட வகுப்பை எண்ணிக்கை நோக்கும் தரமதிப்பீட்டுக் குழு ஏற்காது என்பன மெய்யான இடர்கள். 5 லட்சம் என்னும் இலக்கின்முன் ஐவர் என்பது நகைப்புக்கு உரியதாகவும் தோன்றலாம். ஆனால் அல்லூரை வரலாற்றியலில் இடம்பெறச் செய்தவர் ஒரே ஒரு மாணவர்.

கண்ணனூர்க் கோயிற்சுவரின் முன் நின்ற மாணவியின் கேள்விக்குப் பின்னர், இக்கட்டுரையாளன் ஓய்வுபெற்ற கல்வெட்டறிஞர் ஒருவரிடம் ஞாயிறுதோறும் கிரந்தமும் வட்டெழுத்தும் பயின்று வருகிறான். அவரிடம் பயில வருவோர் மூவர். ஒருவர் வங்கி ஊழியர், ஒருவர் பள்ளி ஆசிரியை. பல்கலைக்கழக மாணவர் இவன் ஒருவனே.